கட்சியும் ஊரும்: அரசியல்வாதியின் பெயரோடு ஒட்டி வரும் குறிகள்

அமெரிக்கப் பத்திரிகைச் செய்தியில் ஒரு செனட்டரின் பெயர் முதல்முறை வரும்போது, பெயரை ஒட்டிச் சின்னஞ்சிறு குறி ஒன்றும் வரும். ‘டி–கலிஃப்.’ என்றால் அவர் ஜனநாயகக் கட்சிக்காரர், கலிஃபோர்னியாவிலிருந்து வந்தவர். ‘ஆர்–டெக்சஸ்’ என்றால் குடியரசுக் கட்சி, டெக்சஸ் மாநிலம். எந்தக் கட்சிக்காரர், எந்தப் பகுதி மக்கள் அனுப்பியவர் என்ற இரண்டு கேள்விக்கும் சில எழுத்துகளில் விடை கிடைத்துவிடுகிறது. பிரேசிலிலும் சுவிட்சர்லாந்திலும் ஏறக்குறைய இதே வழக்கம் உண்டு. பிரிட்டனில் கட்சியின் பெயர் சுருங்கும், தொகுதியின் பெயர் சுருங்காது. இஸ்ரேலில் ஊருக்கு இடமே இல்லை. இந்திய மக்களவையின் நடவடிக்கைக் குறிப்பில் தொகுதி இருக்கும், கட்சி இருக்காது. ஒரு நாடு தன் பிரதிநிதியை எப்படித் தேர்ந்தெடுக்கிறது, அவர் யாருக்குப் பதில் சொல்ல வேண்டியவர் என்று கருதுகிறது என்பதை இந்தக் குறிகளிலிருந்தே பெருமளவு தெரிந்துகொள்ளலாம்.

அமெரிக்கக் குறியின் இரு பாதிகளில் மூத்தது ஊர்ப் பாதிதான். 1787இல் ஃபிலடெல்ஃபியாவில் அரசமைப்புச் சட்டத்தில் 39 பேர் கையெழுத்திட்டார்கள். கையெழுத்துகளின் இடப்பக்கத்தில் அவரவர் மாநிலத்தின் பெயர் இருக்கிறது. அதை எழுதிச் சேர்த்தவர் அலெக்சாண்டர் ஹாமில்டன். அரசியல் கட்சிகளைப் பற்றி அந்தச் சட்டத்தில் ஒரு சொல்லும் இல்லை. இன்றைக்கும் அவைக்குள் ஓர் உறுப்பினர் இன்னொருவரைக் குறிப்பிடும்போது பெயரைச் சொல்வதில்லை, கட்சியையும் சொல்வதில்லை. ‘ஓஹையோவிலிருந்து வந்துள்ள கனவான்’ என்று மாநிலத்தை வைத்தே சொல்கிறார். ஒரே குடும்பப் பெயருள்ள இருவர் இருந்தால், அதிகாரபூர்வமான நாடாளுமன்ற நடவடிக்கைப் பதிவில் பெயரோடு மாநிலமும் சேர்த்து அச்சாகும். ‘டி’, ‘ஆர்’ என்ற எழுத்துகள் புழங்குவது பெரும்பாலும் அவைக்கு வெளியேதான், பத்திரிகைகளிலும் கையேடுகளிலும்.

குறி ஒன்றே ஆனாலும் அதை எழுதும் முறை பத்திரிகைக்குப் பத்திரிகை மாறும். வெர்மான்ட் மாநிலத்தின் சுயேச்சை செனட்டர் பெர்னி சாண்டர்ஸை எடுத்துக்கொள்ளலாம். அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் அவர் பெயருக்குப் பின் இரண்டு காற்புள்ளிகளுக்கு நடுவே ‘ஐ–வெ.’ என்ற மாதிரியில் எழுதும். வாஷிங்டன் போஸ்ட் அதையே அடைப்புக்குறிக்குள் போடும். வால் ஸ்ட்ரீட் ஜர்னல் சிறுகோட்டை விட்டுவிட்டு, கட்சி எழுத்துக்குப் பின் புள்ளியும் காற்புள்ளியும் வைத்து ‘(ஐ., வெ.)’ என்று அச்சிடும். நியூயார்க் டைம்ஸ் சுருக்கமே வேண்டாம் என்று ‘வெர்மான்ட்டின் சுயேச்சை உறுப்பினர்’ என முழுச் சொற்களில் விரித்து எழுதும். வாசிப்புக்குச் சுகமானது கடைசி முறைதான். ஆனால் ஒரு மசோதாவுக்கு யார் யார் ஆதரவு, யார் யார் எதிர்ப்பு என்று பன்னிரண்டு செனட்டர்களின் பெயரைச் சொல்ல வேண்டிய செய்தியில் அந்த விரிவுக்கு இடம் இருக்காது. சுருக்கக் குறி நிலைத்து நிற்பதற்கு அப்படிப்பட்ட செய்திகளே காரணம்.

மாநிலப் பெயரைச் சுருக்குவதில் இரண்டு முறைகள் அருகருகே வாழ்கின்றன. பழைய முறையில் பெயரின் முன்பகுதியோ, முதலும் முடிவுமான எழுத்துகளோ நிற்கும்: கலிஃபோர்னியா ‘கலிஃப்.’ ஆகும், மாசசூசெட்ஸ் ‘மாஸ்.’ ஆகும், விஸ்கான்சின் ‘விஸ்.’ ஆகும். அசோசியேட்டட் பிரஸ் இன்றும் கட்சிக் குறியில் இதைத்தான் கையாள்கிறது. அதன் விதிப்படி எட்டு மாநிலங்கள் சுருங்குவதே இல்லை. அலாஸ்காவும் ஹவாயும் நாட்டின் பிற மாநிலங்களோடு நிலத்தொடர்பு இல்லாதவை என்பதால் முழுதாக நிற்கும். ஐடஹோ, அயோவா, மெய்ன், ஓஹையோ, டெக்சஸ், யூட்டா ஆகிய ஆறும் ஆங்கிலத்தில் ஐந்து எழுத்துக்கு மேல் போகாத சிறிய பெயர்கள் என்பதால் முழுதாக நிற்கும். செய்தியின் உடற்பகுதியில் எல்லா மாநிலப் பெயர்களையும் முழுதாகவே எழுதுவது என்று 2014 மே 1 முதல் அந்த நிறுவனம் மாறியது. அப்போதும் கட்சிக் குறிக்கு மட்டும் சுருக்கம் விலக்காகத் தொடர்ந்தது.

இரண்டாவது முறை அஞ்சல் துறை தந்தது. 1963 ஜூலையில் ஜிப் எண் அறிமுகமானபோது, ஊர்ப் பெயர், மாநிலம், எண் மூன்றும் முகவரியின் கடைசி வரியில் அடங்க வேண்டியிருந்தது. அன்றைய முகவரி அச்சு இயந்திரங்களில் ஒரு வரிக்கு 23 இடங்கள் என்பதே வழக்கமான வரம்பு. அதனால் அதே ஆண்டு அக்டோபரில் எல்லா மாநிலங்களுக்கும் இரண்டெழுத்துக் குறி வகுக்கப்பட்டது. ஆங்கில எழுத்து ‘எம்’மில் தொடங்கும் மாநிலங்கள் மட்டும் எட்டு, அவற்றில் மிஷிகன், மினசோட்டா, மிசிசிப்பி, மிசௌரி ஆகிய நான்குக்கும் முதல் இரண்டு எழுத்துகளும் ஒன்றே. மிஷிகன் ‘எம்.ஐ.’ என்பதை எடுத்துக்கொள்ள, மற்றவை ‘எம்.என்.’, ‘எம்.எஸ்.’, ‘எம்.ஓ.’ என்று பிரித்துக்கொண்டன. நெப்ராஸ்காவுக்கு முதலில் கிடைத்தது ‘என்.பி.’. கனடாவின் நியூ பிரன்ஸ்விக் மாகாணத்தோடு குழப்பம் வருகிறது என்று கனடா அஞ்சல் துறை கேட்டுக்கொண்டதால் 1969இல் அது ‘என்.இ.’ ஆனது. கடிதம் பிரிப்பவர்களுக்காக உண்டான இந்த எழுத்துகளே இன்று தொலைக்காட்சித் திரையின் அடியிலும் தேர்தல் வரைபடங்களிலும் செனட்டர்களின் அடையாளமாக நிற்கின்றன.

செனட்டில் மாநிலத்துக்கு இருவர் என்பதால் மாநிலத்தின் பெயர் போதும். பிரதிநிதிகள் அவையில் 435 பேர். அங்கே ‘டி–கலிஃப்.’ என்ற குறி பல பேருக்குப் பொருந்தும். எனவே தேர்தல் செய்திகளில் மாநிலக் குறியோடு தொகுதி எண்ணும் சேர்கிறது: ‘சி.ஏ.–12’ என்றால் கலிஃபோர்னியாவின் 12ஆம் தொகுதி. அலாஸ்கா, வயோமிங் போல ஒரே உறுப்பினரை அனுப்பும் மாநிலங்களில் எண்ணுக்குப் பதில் ‘ஏ.எல்.’ வரும், முழு மாநிலமும் ஒரே தொகுதி என்பது அதன் பொருள். அலபாமா மாநிலத்தின் அஞ்சல் குறியும் ‘ஏ.எல்.’தான் என்பதால், பட்டியலைப் புதிதாகப் பார்ப்பவர் ‘ஏ.கே.–ஏ.எல்.’ என்ற இடத்தில் தடுமாறுவது இயல்பு. தலைநகர் வாஷிங்டனின் பிரதிநிதிக்கு வரும் ‘டி–டி.சி.’ என்ற குறியில் இதைவிடப் பெரிய சிக்கல் இருக்கிறது. தலைநகரும் குவாம், போர்ட்டோ ரிக்கோ முதலிய ஆட்சிப்பகுதிகளும் அனுப்பும் ஆறு பேருக்கு மசோதாக்களின் இறுதி வாக்கெடுப்பில் வாக்கு கிடையாது. குறியிலோ அந்த வித்தியாசம் தெரிவதே இல்லை. பல லட்சம் பேருக்கு வாக்குள்ள பிரதிநிதி இல்லை என்ற பெரிய உண்மை அந்தச் சிறுகோட்டுக்குள் மறைந்துபோகிறது.

மாநிலச் சட்டமன்றங்களைப் பற்றிய செய்திக்கு வந்தால் குறியின் வலப்பாதி ஊராகிவிடும். உறுப்பினர்கள் எல்லாருமே ஒரே மாநிலத்தவர் என்பதால் மாநிலத்தின் பெயரைச் சொல்லி என்ன பயன்? மினசோட்டா பத்திரிகைகள் ‘டி.எஃப்.எல்.–டுலூத்’, ‘ஆர்–ராசெஸ்டர்’ என்று எழுதும். அங்கே ஜனநாயகக் கட்சியின் எழுத்து ‘டி’ மட்டும் அல்ல. 1944இல் ஜனநாயகக் கட்சியும் விவசாயி–தொழிலாளர் கட்சியும் இணைந்ததால் மூன்று எழுத்து. அதே உறுப்பினர் வாஷிங்டனுக்குப் போய்விட்டால் மற்ற மாநிலத்துப் பத்திரிகைகள் ‘டி’யோடு நிறுத்திக்கொள்கின்றன. நெப்ராஸ்காவின் சட்டமன்றத்துக்கு 1937 முதல் ஒரே அவை. அதன் உறுப்பினர்கள் சட்டப்படி கட்சி அடையாளம் இன்றித் தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள். அவர்களின் பெயருக்கு ஊரை மட்டும் சேர்ப்பதே முறை.

குறியில் வரும் ஊர் சொந்த ஊர்தானா? அமெரிக்க அரசமைப்புச் சட்டம் கேட்பது, தேர்ந்தெடுக்கப்படும் நேரத்தில் அந்த மாநிலத்தில் வசிக்க வேண்டும் என்பதை மட்டுமே. அயர்லாந்தில் பிறந்த ஜேம்ஸ் ஷீல்ட்ஸ் 19ஆம் நூற்றாண்டில் இல்லினாய், மினசோட்டா, மிசௌரி என மூன்று மாநிலங்களின் செனட்டராக இருந்தார். அப்படி இருந்தவர் அவர் ஒருவர்தான். மாசசூசெட்ஸ் குடும்பத்து ராபர்ட் கென்னடியும், சிகாகோவில் பிறந்து ஆர்கன்சாவில் வாழ்ந்த ஹிலரி கிளிண்டனும் நியூயார்க்கின் செனட்டர்களாயினர். மிஷிகனில் பிறந்து மாசசூசெட்ஸின் ஆளுநராக இருந்த மிட் ராம்னி பிற்பாடு ‘ஆர்–யூட்டா’ ஆனார். பிறந்த மண்ணைத் தேடும் வாசகருக்கு இந்தக் குறி உதவாது. அது சொல்வது வாக்களித்த மண்ணை.

ஜனாதிபதிக்கும் துணை ஜனாதிபதிக்கும் இந்தக் குறி வருவதில்லை; அவர்கள் நாட்டுக்கே பொதுவானவர்கள். ஆனாலும் அவர்கள் விஷயத்திலும் மாநிலத்துக்குச் சட்ட மதிப்பு உண்டு. தேர்வாளர் குழுவினர் தம் மாநிலத்தவர் இருவருக்கு இரண்டு பதவிக்கும் சேர்த்து வாக்களிக்கக் கூடாது என்பது 12ஆவது திருத்தத்தின் விதி. 2000இல் ஜார்ஜ் புஷ் டெக்சஸ்காரர். அவரோடு நின்ற டிக் செனியும் அப்போது டெக்சஸில்தான் வசித்தார். அந்த ஆண்டு ஜூலையில் செனி தன் வாக்காளர் பதிவை வயோமிங்குக்கு மாற்றிக்கொண்டார். 271க்கு 266 என்று முடிந்த தேர்தலில் டெக்சஸின் 32 வாக்குகளும் செனிக்கு இல்லாமல் போயிருந்தால் முடிவே சிக்கலாகியிருக்கும்.

ஊரைவிட எளிதில் மாறுவது கட்சி எழுத்து. தென் கரோலினாவின் ஸ்ட்ராம் தர்மண்ட் 1964இல் ‘டி’யை விட்டு ‘ஆர்’ ஆனார். பென்சில்வேனியாவின் ஆர்லன் ஸ்பெக்டர் 2009இல் எதிர்த் திசையில் போனார். 2001இல் வெர்மான்ட்டின் ஜிம் ஜெஃபர்ட்ஸ் ‘ஆர்’ என்பதை ‘ஐ’ ஆக்கிக்கொண்டபோது, 50க்கு 50 என்று நின்ற செனட்டின் தலைமையே குடியரசுக் கட்சியிடமிருந்து ஜனநாயகக் கட்சிக்குக் கைமாறியது. ஒருவரின் ஓர் எழுத்து மாறியதற்கு அவ்வளவு விளைவு. அவர் பதவி விலகவில்லை, மறுதேர்தலும் நடக்கவில்லை; அமெரிக்காவில் அந்த எழுத்து உறுப்பினரின் கையில் இருக்கிறது.

‘ஐ’ என்ற எழுத்து உண்மையில் அரைகுறைச் செய்திதான். சாண்டர்ஸும் மெய்ன் மாநிலத்து ஆங்கஸ் கிங்கும் சுயேச்சைகள் என்றாலும் ஜனநாயகக் கட்சியின் அணியில் அமர்பவர்கள். 2021இல் செனட் பட்டியலில் இருந்த எழுத்துகளை மட்டும் எண்ணினால் ‘ஆர்’ 50, ‘டி’ 48; ஆனால் ஆளும் பொறுப்பு ஜனநாயகக் கட்சியிடம் இருந்தது. கனெக்டிகட்டின் ஜோ லீபர்மன் 2006இல் கட்சியின் உட்தேர்தலில் தோற்று, தனியாக நின்று வென்றபின் ‘சுயேச்சை ஜனநாயகர்’ என்று அழைக்கப்பட விரும்பினார், அவருக்காக ‘ஐ.டி.’ என்ற இரட்டை எழுத்து புழக்கத்துக்கு வந்தது. நியூயார்க்கில் 1970இல் கன்சர்வேடிவ் கட்சியின் பெயரில் வென்ற ஜேம்ஸ் பக்லிக்கு ‘சி–என்.ஒய்.’ என்று எழுதினார்கள். இரண்டே கட்சிகளின் நாடு என்ற பொதுவான எண்ணத்துக்கு வெளியே நிற்பவர்கள் இவர்கள்.

பழைய காலத்துக்கு இந்த எழுத்துகளைப் பின்னோக்கி ஒட்டும்போது கவனம் வேண்டும். 1800இல் ஜெஃபர்சனின் ஆதரவாளர்கள் தம்மைக் குடியரசுக் கட்சியினர் என்றே அழைத்துக்கொண்டார்கள். இன்றைய குடியரசுக் கட்சி 1854இல் பிறந்தது. இரண்டுக்கும் தொடர்ச்சி இல்லை. அதனால்தான் வரலாற்று நூல்கள் முதலாவதை ஜனநாயக–குடியரசுக் கட்சி என்று பிரித்து எழுதுகின்றன. அதற்கும் முந்தைய முதல் நாடாளுமன்றங்களின் உறுப்பினர்களை ‘நிர்வாக ஆதரவு’, ‘நிர்வாக எதிர்ப்பு’ என்று வகைப்படுத்துவது பின்னாள் ஆய்வாளர்களின் கைவேலை. அன்று வாழ்ந்தவர்கள் அந்தப் பெயர்களில் கட்சி நடத்தவில்லை.

குறியை விட்டுவிடுவதும் தவறாகப் போடுவதும் சாதாரண அச்சுப்பிழை ஆகாது. முறைகேட்டுச் செய்தியில் கட்சி எழுத்து இல்லாவிட்டால் பத்திரிகை யாரையோ காப்பாற்றுகிறது என்று வாசகர் எண்ணுவார். 2006இல் ஃப்ளோரிடாவின் குடியரசுக் கட்சி உறுப்பினர் மார்க் ஃபோலி பதவி விலக நேர்ந்த செய்தியின்போது, ஒரு தொலைக்காட்சி அவர் பெயருக்கு அருகே ‘டி’ என்று காட்டியது. ஒலியைக் குறைத்துவிட்டுத் திரையை மட்டும் பார்ப்பவருக்கு அந்த ஓர் எழுத்துதான் செய்தி. குற்றச் செய்தியோ பாராட்டுச் செய்தியோ, எல்லாக் கட்சியினருக்கும் ஒரே இடத்தில், ஒரே அளவில் குறியைப் போடுவதே நேர்மையான ஆசிரியர் குழுவுக்கு அழகு.

அமெரிக்க முறைக்கு மிக நெருக்கமானது பிரேசிலின் முறை. அங்கே 26 மாநிலங்களும் ஒரு தலைநகர மாவட்டமும் உண்டு. ஒவ்வொன்றுக்கும் இரண்டெழுத்துக் குறி உண்டு. தொழிலாளர் கட்சியைச் சேர்ந்த சாவோ பாவ்லோ உறுப்பினர் ‘பி.டி.–எஸ்.பி.’ ஆவார். அமெரிக்காவில் கட்சிப் பாதியில் இரண்டு மூன்று எழுத்துகளே மாறி மாறி வரும் என்றால், பிரேசிலில் கட்சிகள் ஏராளம். அவை பிரிவதும் இணைவதும் பெயர் மாற்றிக்கொள்வதும் ஓயாது. ஜயிர் போல்சனாரோ 1991 முதல் ஜனாதிபதியாகும் வரை ரியோ டி ஜனைரோவின் உறுப்பினர். அந்த ஆண்டுகள் முழுதும் வலப்பக்கத்து ‘ஆர்.ஜே.’ அசையவில்லை, இடப்பக்கத்து எழுத்துகள் பலமுறை மாறின. அங்கே ஓர் உறுப்பினரை நெடுங்காலம் தொடர்ந்து பார்ப்பவர் ஊர்க் குறியைத்தான் நம்ப வேண்டும்.

இந்த ஓயாத தாவலுக்கு 2007இல் நீதிமன்றங்கள் கடிவாளம் போட்டன. விகிதாசார முறையில் வென்ற உறுப்பினரின் இடம் கட்சிக்கே சொந்தம், காரணமின்றிக் கட்சி மாறினால் இடம் பறிபோகும் என்று தேர்தல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன் பின்னர் வந்த சட்டம் ஒரு ஜன்னலைத் திறந்துவிட்டது: தேர்தல் ஆண்டில் 30 நாள்களுக்கு, பதவிக்காலம் முடியும் தறுவாயில் உள்ள உறுப்பினர்கள் இடத்தை இழக்காமல் கட்சி மாறலாம். அந்த ஒரு மாதத்தில் எழுத்துகள் கூட்டம் கூட்டமாக மாறும். செனட்டர்கள் நேரடிப் பெரும்பான்மையில் வெல்பவர்கள் என்பதால் அவர்களை இந்த விதி கட்டுப்படுத்தாது. எக்கட்சியிலும் சேராமல் தேர்தலில் நிற்க முடியாத நாடு அது. இடையில் கட்சியை விட்டவருக்கு ‘கட்சி இல்லை’ என்ற சொற்களே சிறுகோட்டுக்கு முன் வரும். ஊர்ப் பாதியிலும் பிரேசிலில் ஒரு புகழ்பெற்ற எடுத்துக்காட்டு உண்டு. முன்னாள் ஜனாதிபதி ஜோசே சார்னி பிறந்ததும் அரசியலில் வளர்ந்ததும் மரன்யாவ் மாநிலத்தில். 1991 முதல் 2015 வரை அவர் செனட்டில் இருந்தது அமப்பா மாநிலத்தின் ‘ஏ.பி.’ என்ற குறியோடு.

சுவிட்சர்லாந்தின் 26 கன்டோன்களுக்கும் இரண்டெழுத்துக் குறி உண்டு. வாகன எண் பலகையில் இருப்பதே அரசியல் செய்தியிலும் வருகிறது. ஆனால் நாட்டில் பல மொழிகள் புழங்குவதால் கட்சிக்கு ஒவ்வொரு மொழியிலும் வேறு சுருக்கம். சுவிஸ் மக்கள் கட்சியின் ஜூரிக் உறுப்பினர் ஜெர்மன் பத்திரிகையில் ‘எஸ்.வி.பி./இசட்.எச்.’ என்றும், பிரெஞ்சுப் பத்திரிகையில் ‘யு.டி.சி./இசட்.எச்.’ என்றும் வருவார். கட்சி மொழிபெயர்கிறது, கன்டோன் அப்படியே நிற்கிறது. நாடாளுமன்றத்தின் அதிகாரபூர்வப் பதிவு இந்தச் சிக்கலைத் தவிர்க்கக் கட்சியின் பெயருக்குப் பதில் நாடாளுமன்றக் குழுவுக்கான ஓரிரு எழுத்துகளைக் கையாள்கிறது.

பிரிட்டனில் உறுப்பினர் மாநிலத்துக்குரியவர் அல்ல, ஒரு தொகுதிக்குரியவர். ஹான்சார்டு என்ற நடவடிக்கைப் பதிவில் பெயருக்குப் பின் இரண்டு அடைப்புக்குறிகள் வருகின்றன: முதலாவதில் தொகுதியின் முழுப் பெயர், இரண்டாவதில் ‘கான்’, ‘லேப்’, ‘எல்.டி.’ என்ற கட்சிச் சுருக்கம். நான்கு ஊர்களைச் சேர்த்து உண்டான நீண்ட தொகுதிப் பெயரானாலும் சுருக்குவதில்லை. அவைத்தலைவர் தேர்வானதும் கட்சியைத் துறப்பார். தேர்தலில் நிற்கும்போதும் வாக்குச்சீட்டில் ‘மறுதேர்வு நாடும் அவைத்தலைவர்’ என்றே வரும். அமெரிக்காவிலிருந்து பிரிட்டன் அடிப்படையில் மாறுபடுவது கட்சி எழுத்தின் உரிமையில்தான். 2019 செப்டம்பரில் பிரெக்சிட் வாக்கெடுப்பில் அரசை எதிர்த்த 21 கன்சர்வேடிவ் உறுப்பினர்கள் கொறடாவின் நடவடிக்கையால் கட்சிக் குழுவிலிருந்து நீக்கப்பட்டார்கள். அவர்களுக்கு ‘கான்’ போய் ‘இன்ட்’ வந்தது. பின்னர் சிலர் திரும்பச் சேர்க்கப்பட்டபோது பழைய எழுத்து திரும்பியது. எழுத்து அங்கே கட்சியின் கையில்.

வாக்குச்சீட்டில் கட்சியின் பெயர் பிரிட்டனுக்கு மிகத் தாமதமாகத்தான் வந்தது. 1969ஆம் ஆண்டுச் சட்டம்தான் வேட்பாளர் தன்னை ஆறு சொற்களுக்குள் விவரித்துக்கொள்ள அனுமதித்தது. அந்த விவரிப்பை யாரும் காக்கவில்லை. 1994 ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலில் டெவன் மற்றும் கிழக்கு பிளிமத் தொகுதியில் ஒருவர் லிபரல் டெமாக்ரட் என்ற பெயரை ஓரெழுத்து மாற்றி ‘லிட்டரல் டெமாக்ரட்’ என்று போட்டுக்கொண்டு 10,000க்கு மேல் வாக்கு வாங்கினார். உண்மையான லிபரல் டெமாக்ரட் வேட்பாளர் 700 வாக்கில் தோற்றார். கட்சிகளின் பெயரைப் பதிவு செய்து காக்கும் 1998ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு இதுவே முக்கியக் காரணமானது.

கனடாவின் பதிவில் தொகுதியும் கட்சியும் ஒரே அடைப்புக்குறிக்குள் காற்புள்ளியால் பிரிந்து நிற்கும். தொகுதிப் பெயர்களுக்குள்ளேயே நீண்ட கோடுகள் வருவதால், அமெரிக்கா போல் சிறுகோட்டால் கட்சியை இணைக்க அங்கே வழியில்லை. கியூபெக்கில் மட்டும் போட்டியிடும் புளோக் கெபெக்வாவின் ‘பி.க்யூ.’ என்ற எழுத்து வந்தால் மாகாணத்தைத் தனியே சொல்லத் தேவையே இல்லை. ஜெர்மனியில் சி.எஸ்.யூ. என்றால் பவேரியா, அக்கட்சி வேறெங்கும் நிற்பதில்லை. ஜெர்மன் நாடாளுமன்றப் பதிவில் கட்சிக் குழுவின் பெயர் எல்லாருக்கும் வரும். ஊரோ, ஒரே குடும்பப் பெயருள்ளவர்களைப் பிரித்துக் காட்ட மட்டுமே வரும்: எர்லாங்கனின் முல்லர் ஒருவர், பிரவுன்ஷ்வைக்கின் முல்லர் இன்னொருவர். ஜெர்மன் அரசமைப்பில் உறுப்பினர் முழு மக்களின் பிரதிநிதி என்று எழுதப்பட்டிருப்பதற்கு இந்த வழக்கம் பொருந்துகிறது. ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் இடப்பாதி நாட்டுக் கட்சியாக இல்லாமல் ஐரோப்பியக் குழுவாகவும், வலப்பாதி நாட்டின் இரண்டெழுத்தாகவும் மாறுகிறது. அதில் கிரீஸுக்கு உலக வழக்கான ‘ஜி.ஆர்.’ கிடையாது, அந்நாட்டவர் தம் மொழியில் வழங்கும் பெயரின் முதலெழுத்துகளான ‘ஈ.எல்.’தான்.

நாடே ஒரு தொகுதி என்றால் ஊர்ப் பாதி மறைந்துவிடும். நெதர்லாந்தின் 150 இடங்களும் நாடு முழுவதற்குமான வாக்கு விகிதத்தில் பங்கிடப்படுவதால் அங்கே உறுப்பினருக்குக் கட்சிச் சுருக்கம் மட்டுமே. இஸ்ரேலின் 120 உறுப்பினர்களுக்கும் அப்படியே. அங்கே சுருக்கம் வாக்குச்சீட்டுக்கே வந்துவிட்டது: ஒவ்வொரு பட்டியலுக்கும் மூன்று எபிரேய எழுத்துக்கு மேற்படாத தனிச்சீட்டு உண்டு, வாக்காளர் தனக்கு வேண்டியதை உறையிலிட்டுப் பெட்டியில் போடுகிறார். லிக்குட் கட்சிக்கு ‘மஹல்’, தொழிலாளர் கட்சிக்கு நெடுங்காலம் ‘எமெத்’. ஒதுக்குப்புற நகரத்து மக்கள் ‘எங்கள் ஊருக்கென்று யார் பேசுவது’ என்று கேட்டால் சுட்டிக்காட்ட ஒரு பெயர் இல்லை என்பது இம்முறையின் மெய்யான குறை.

இந்தியாவில் மக்களவையின் நடவடிக்கைக் குறிப்பு, உறுப்பினர் பெயருக்கு எதிரே தொகுதியை அடைப்புக்குறிக்குள் அச்சிடுகிறது. மாநிலங்களவைக் குறிப்பு மாநிலத்தை அச்சிடுகிறது. 1985இல் 52ஆவது திருத்தம் கொண்டுவந்த பத்தாவது அட்டவணைப்படி, கட்சி மாறிய உறுப்பினர் பதவியையே இழக்க நேரும். ஜெஃபர்ட்ஸ் செய்ததை இங்கே ஒருவர் தனியாகச் செய்தால் அவர் இடம் காலியாகும். பதவியே கட்சியில் தொங்கும்போது, அந்தக் கட்சியின் பெயர் பேச்சோடு சேர்ந்து அச்சாவதே பிற்காலத்தில் அந்தப் பக்கத்தைப் புரட்டுபவருக்குப் பயன்படும். மாநிலங்களவையில் ஊர்ப் பாதி வேறு விதமாகத் தளர்ந்தது. உறுப்பினர் அந்த மாநிலத்தின் வாக்காளராக இருக்க வேண்டும் என்ற விதி 2003இல் நீக்கப்பட்டது. 2006இல் உச்ச நீதிமன்றம் அந்தத் திருத்தத்தை ஏற்றது. பஞ்சாபில் வளர்ந்த மன்மோகன் சிங், பிரதமராக இருந்த பத்தாண்டுகளும் அசாமின் உறுப்பினர்; 2019 முதல் 2024 வரை ராஜஸ்தானின் உறுப்பினர்.

இந்திய வாக்குப்பதிவு இயந்திரத்தின் சீட்டில் கட்சியின் பெயர் இல்லை. வேட்பாளரின் பெயர், படம், சின்னம் மட்டுமே. 1951–52இன் முதல் பொதுத்தேர்தலில் எழுத்தறியாத வாக்காளர்களுக்காக வந்த சின்னமே அங்கே கட்சிக் குறியின் வேலையைச் செய்கிறது. அச்சில் அந்த வேலை எழுத்துகளுடையது. தமிழ்ப் பத்திரிகைகள் கட்சியை முன்னே வைக்கும்: ‘தி.மு.க. எம்.பி. திருச்சி சிவா’. சட்டமன்றச் செய்தியில் மட்டும் பெயருக்குப் பின் அடைப்புக்குறிக்குள் கட்சி போகும். 1949இல் பிறந்த தி.மு.க.வின் மூன்றெழுத்துக்கு முன்னால் 1972இல் ‘அ’வும், 1994இல் ‘ம’வும் சேர்ந்து புதுக் கட்சிகளாயின. எம்.ஜி.ஆர். மறைவுக்குப் பின் 1989 தேர்தலில் அ.தி.மு.க. ‘ஜெ’ அணி, ‘ஜா’ அணி என்று பிரிந்து நின்றபோது, பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் வந்த அந்த ஓரெழுத்துதான் சேவல் சின்னத்துக்கும் இரட்டைப் புறா சின்னத்துக்கும் உள்ள வித்தியாசம்.

ஊரைச் சுருக்கிப் பெயருக்கு முன்னே வைக்கும் வழக்கம் தமிழ்நாட்டில் தேர்தலுக்கும் முந்தையது. ஈ.வெ.ரா. என்பதன் ‘ஈ’ ஈரோடு, சி.என். அண்ணாதுரையின் ‘சி’ காஞ்சிபுரத்தின் அன்றைய ஆங்கில வடிவமான காஞ்சீவரத்தின் முதலெழுத்து. ஆற்காடு வீராசாமி, நாஞ்சில் மனோகரன் போன்ற பெயர்களில் ஊரும் வட்டாரமும் முழுதாகவே நின்றன. இவை தொகுதிக் குறிகள் அல்ல. நாஞ்சில் நாட்டுப் பெயரைச் சுமந்த மனோகரன் மக்களவைக்குச் சென்றது சென்னையிலிருந்து. அமெரிக்கக் குறி தராத சொந்த ஊர்ச் செய்தியைத் தமிழ்ப் பெயரின் தலைப்பெழுத்தே தந்துவிடுகிறது.

இலங்கைத் தமிழ்ப் பத்திரிகைகளில்தான் ஊரும் கட்சியும் இரண்டுமே தமிழ் எழுத்தில் சுருங்கி நிற்பதைக் காணலாம். ‘யாழ். மாவட்ட நாடாளுமன்ற உறுப்பினர்’, ‘மட்டு. மாவட்ட உறுப்பினர்’ என்பவை அன்றாட வழக்கு, கட்சிக்கு ‘ஐ.தே.க.’, ‘த.தே.கூ.’ என்ற சுருக்கங்கள். 1978ஆம் ஆண்டு அரசமைப்பு தொகுதி முறையை விட்டு மாவட்ட விகிதாசார முறையைக் கொண்டுவந்தபின் மாவட்டமே உறுப்பினரின் ஊர்ப் பாதியானது. நாட்டில் நிர்வாக மாவட்டங்கள் 25, தேர்தல் மாவட்டங்கள் 22. கிளிநொச்சி மக்கள் வாக்களிப்பது யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில். மன்னார், முல்லைத்தீவு, வவுனியா மூன்றும் சேர்ந்து வன்னி. ஆகவே கிளிநொச்சியில் வாழ்ந்து, அங்கேயே வாக்குச் சேர்த்து வென்றவருக்கும் பெயருக்கு முன் வருவது ‘யாழ்.’தான். 225 உறுப்பினர்களில் 196 பேர் மாவட்டங்களிலிருந்தும் 29 பேர் தேசியப் பட்டியலிலிருந்தும் வருகிறார்கள். பட்டியல் உறுப்பினருக்கு மாவட்டம் இல்லை, கட்சி மட்டுமே. த.தே.கூ.வின் எம்.ஏ. சுமந்திரன் 2010இல் தேசியப் பட்டியல் உறுப்பினராகவே நாடாளுமன்றத்துக்குள் நுழைந்தார். 2015இல் மக்களிடம் வாக்குக் கேட்டு வென்றபின்தான் அவர் யாழ். மாவட்ட உறுப்பினர் ஆனார்.